மண்டபப் படம்: ஆறு எக்ஸ்போஷரைக் கலந்தேன், தீபம் சாம்பலாகிவிட்டது

முக்காலி (ஞாயிறு, இரவு 8.50)

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனில் எங்கள் பேட்டைக் கோயிலில் தர்மகர்த்தாவிடமும் குருக்களிடமும் கேட்டுக்கொண்டு முன் மண்டபத்தைப் படம் எடுத்தேன். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் ஒரு சண்டை மிச்சம்.

காலை பத்து மணி. மண்டபத்தின் கோடியில் வாசல் திறந்திருக்கிறது, வெளியே தெருவில் சுள்ளென்று வெயில். நடுவில் ஆளுயரக் குத்துவிளக்கு. இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்த தூண்கள். மேலே இரண்டு டியூப்லைட்.

என் கேமரா பழையது, பிராக்கெட்டிங் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துத் தானாகவே வரிசையாக எடுப்பது) போட்டால் மூன்று படத்துக்கு மேல் போகாது. அதனால் மேனுவலில் வைத்து லென்ஸ் திறப்பை எஃப் 8, ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 100 என்று பூட்டிவிட்டு ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் மாற்றினேன். ஸ்பாட் மீட்டரில் (ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) வாசலைக் குறி வைத்தால் 1/500, தூணின் அடியைக் குறி வைத்தால் 2 விநாடி. இடையில் இரண்டிரண்டு ஸ்டாப்பாக (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு அல்லது பாதி) 1/500, 1/125, 1/30, 1/8, 1/2, 2 என்று ஆறு படம். எல்லாம் ரா ஃபைல், கேமரா கைவைக்காத மூலப் பதிவு.

மென்பொருளில் போட்டு ஹெச்டிஆர் ஆக்கினால், அதாவது வெயிலும் இருட்டும் ஒரே படத்தில் தெரியும்படி கலந்தால், வந்தது இதுதான் (படம் 1). தீபம் சாம்பல் கலந்த ஆரஞ்சாகக் கிடக்கிறது. தூணைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்ட மாதிரி ஒரு வெளுப்பு. விளக்குக்கு எண்ணெய் விட வந்த பாட்டி மூன்று பாட்டியாகிவிட்டார். மொத்தத்தில் பழைய மளிகைக்கடை காலண்டர். எங்கே தப்பு?

38-ஆம் தெரு (ஞாயிறு, இரவு 9.05)

மூன்று பாட்டி வந்தது அம்பாளின் அருள். விடுப்பா.

நிஜமாகவே கேட்கிறேன், இதையே போனில் எடுத்தால் ஒரே அமுக்கில் வந்துவிடுமே? எதற்கு முக்காலி, எதற்கு ஆறு படம்?

மழைத்துளி (ஞாயிறு, இரவு 9.40)

போனும் ஒரு படம் எடுப்பதில்லை தம்பி. நீ அமுக்குவதற்கு முன்பிருந்தே வேகமாகப் பல படங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதில் சிலவற்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிறது. கூகுளின் ஹெச்டிஆர் பிளஸ் படங்களை அடுக்கும் அந்த வழியில்தான் வந்தது. வெளிச்சம் வெந்து போகாதபடி படங்களைக் குறைந்த எக்ஸ்போஷரில் (குறைந்த ஒளி விழவிட்டு) எடுத்து, பல படங்களைச் சராசரி பண்ணி இருட்டில் உள்ள புள்ளி இரைச்சலைக் குறைக்கும், அப்புறம் இருட்டைத் தூக்கும். கைநடுக்கத்தைச் சமாளிக்க அது நல்ல தந்திரம். ஆனால் எதைத் தூக்குவது, எதை விடுவது என்று முடிவு செய்வது போன். இந்த மண்டபத்தைப் போனில் எடுத்துப் பார், தூண் பிளாஸ்டிக் மாதிரி வழவழவென்று வரும்.

முக்காலி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு படத்தைச் சேர்ப்பதும் அதைத் திரைக்குள் அடக்குவதும் வேறு வேறு வேலை. சேர்க்கும் வேலையில் பெரிய பிசகு வராது. பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் 1997-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது தெளிவான கணக்காகிவிட்டது. பல எக்ஸ்போஷர்களை வைத்து, அந்த இடத்தில் உண்மையில் எவ்வளவு ஒளி இருந்தது என்று புள்ளிக்குப் புள்ளி ஒரு வரைபடம் எடுக்கலாம். ஆனால் அந்த வரைபடத்தை நம் திரையில் அப்படியே காட்ட முடியாது, அதற்குள் அவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதை நசுக்கி உள்ளே தள்ளுவதுதான் டோன் மேப்பிங். உன் படம் கெட்டது அங்கேதான்.

தூணைச் சுற்றி வெளுப்பு ஏன்? மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு ஏற்றி இறக்குகிறது. கறுத்த தூணின் ஓரத்தில் அக்கம்பக்கம் என்றால் பாதி தூண், பாதி வெயில். சராசரி குழம்பிப் போகிறது, ஓரத்தில் ஒளிவட்டம் விழுகிறது. தீபம் ஏன் செத்தது? படத்திலேயே அதிக வெளிச்சம் அதற்குத்தான். அதையும் அடக்கிக் கீழே இழுத்துவிட்டது. நெருப்பை வெள்ளைக்குக் கீழே இறக்கினால் அது நெருப்பாகத் தெரியாது, ஆரஞ்சுத் துணி மாதிரித்தான் தெரியும்.

பழைய நெகடிவ் (திங்கள், காலை 6.15)

தம்பி, மோல்மேனில் முப்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி. தூணின் அடி உனக்கு எதற்கு?

நீ போட்ட கணக்கைப் பார்த்தேன். 1/500 முதல் 2 விநாடி வரை பத்து ஸ்டாப். மீட்டர் என்ன செய்யும்? காட்டிய இடத்தை நடுச் சாம்பலாக்கும். அதாவது 1/500-இல் உன் வெயில் தெரு நடுச் சாம்பல், 2 விநாடியில் உன் இருட்டுத் தூண் நடுச் சாம்பல். வெயிலையும் சாம்பலாக்கி இருட்டையும் சாம்பலாக்கி இரண்டையும் கலந்தால் வேறு என்ன வரும்? மென்பொருளைத் திட்டாதே. கேட்டதைக் கொடுத்திருக்கிறது.

வெயில் தெரு வெளுப்பாகத்தான் இருக்க வேண்டும், உரு மட்டும் அழியக் கூடாது. நடுச் சாம்பலுக்கு இரண்டு ஸ்டாப் மேலே வை, 1/125 போதும். தூணின் அடி கறுப்பாகத்தான் இருக்க வேண்டும், ஒரு கோடு தெரிந்தால் போதும். மூன்று ஸ்டாப் கீழே வை, 1/4 விநாடி. இப்போது எண்ணிப் பார், 1/125-க்கும் 1/4-க்கும் நடுவே ஐந்து ஸ்டாப்தான். 1/125, 1/30, 1/8 என்று மூன்று படம் போதும். மிச்சம் ஒரு ஸ்டாப்பை ரா ஃபைலிலேயே தூக்கிக்கொள்ளலாம். உன் பழைய கேமராவின் மூன்று பட பிராக்கெட்டிங்கே சரியாகப் போயிற்று.

இந்தக் கலப்பு வேலை கம்ப்யூட்டரோடு வந்தது என்று நினைக்க வேண்டாம். 1850-களில் ஃபிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ் என்று எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல ஒளிதான் உறைக்கும், கடல் சரியாக விழும் நேரத்துக்குள் வானம் வெந்து வெள்ளையாகிவிடும். அதனால் அந்த ஏற்பாடு. நாங்களும் நெகடிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜர் விளக்கின் கீழே கம்பியில் ஒட்டிய அட்டையை ஆட்டி ஆட்டி முகத்துக்கு வெளிச்சத்தைக் குறைத்தவர்கள்தான். அட்டையை ஒரே இடத்தில் பிடித்தால் விளிம்பு தெரிந்துவிடும், ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உன் ஒளிவட்டத்தைப் பார்த்ததும் எனக்கு ஆடாத அட்டை ஞாபகம் வந்தது.

முக்காலி (திங்கள், இரவு 7.30)

ஐயா, கணக்கு புரிந்தது. ஆனால் ஒன்று கேட்கட்டுமா? நான் அங்கே நின்றபோது தூணின் அடி எனக்குத் தெரிந்தது. அடியில் ஒரு யாளி இருக்கிறது, அதன் பல் தெரிந்தது. வாசலில் போன ஐஸ்வண்டியும் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்ததைக் காட்டினால் பொய்யா?

பழைய நெகடிவ் (திங்கள், இரவு 8.10)

ஒரே நேரத்திலா தெரிந்தது? ஐஸ்வண்டியைப் பார்த்துவிட்டு யாளியைப் பார்த்திருப்பாய். கண்ணின் பாவை விரிந்து, மூளை கொஞ்சம் பழகி, அப்புறம்தான் பல் தெரிந்திருக்கும். அந்த ஒரு நொடித் தடுமாற்றம்தான் மண்டபத்துக்குள் நுழைந்த உணர்ச்சி. அதைத் துடைத்துவிட்டாய்.

மாண்டலே வாசி (திங்கள், இரவு 10.20)

நான் ஐயாவோடு பாதிதான் ஒத்துப்போவேன். பகானின் பழைய கோயில்களில் சுவரோவியங்களை எடுக்கப் போனவர்களுக்கு இந்த "இருட்டு இருட்டாக இருக்கட்டும்" உதவாது. ஜன்னல் ஒரு பக்கம் கொளுத்தும், மூன்றடி தள்ளி ஓவியம் அரையிருட்டில் கிடக்கும். ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. அங்கே எனக்கு உணர்ச்சி வேண்டாம், சுவரில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். எட்டுப் படம் எடுத்தாலும் தப்பில்லை. பதிவுக்கு எடுப்பது வேறு, மாட்டி வைக்க எடுப்பது வேறு. முக்காலி எதற்கு எடுத்தார் என்று அவரே சொல்லவில்லை.

இருந்தாலும் அங்கேயும் கட்டியவர்கள் வெளிச்சத்தை அளந்துதான் விட்டிருக்கிறார்கள். ஆனந்தா கோயிலில் நின்ற கோலத்தில் பெரிய பெரிய புத்தர்கள், நடைபாதை மங்கலாக இருக்கும். மேலே எங்கோ இருக்கிற திறப்பிலிருந்து வெளிச்சம் வந்து முகத்தில் மட்டும் விழும். என் முதல் படத்தில் நடைபாதையையும் முகத்துக்குச் சமமாகத் தூக்கிவிட்டேன். பார்த்தால் அரசாங்க அலுவலக வராந்தாவில் சிலை வைத்த மாதிரி இருந்தது.

சும்மா ஒரு செய்தி, இந்த இழைக்குப் பொருத்தம் என்று தோன்றியது. பகானில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில் தமிழ் உண்டு. மலைமண்டலத்து (கேரளப் பக்கம்) மகோதயர்பட்டினத்திலிருந்து வந்த ஒருவர் அங்கிருந்த நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு என்ன கொடுத்தார் என்று சொல்கிறது. ஒரு மண்டபம், ஒரு கதவு, அந்த மண்டபத்தில் எரிய ஒரு விளக்கு. முக்காலியின் படத்தில் உள்ள மூன்று சாமான்களும் அதேதான்!

38-ஆம் தெரு (திங்கள், இரவு 10.31)

டியூப்லைட் கொடுத்தவர் பெயர் கல்வெட்டில் இல்லையா? எங்கள் ஊரில் டியூப்லைட் பட்டியிலேயே "உபயம்" என்று எழுதிவிடுவார்கள், வெளிச்சமே பாதி மறைந்துவிடும்.

மழைத்துளி (செவ்வாய், மதியம் 1.15)

சிரித்துவிட்டேன். ஆனால் டியூப்லைட் விஷயம் சிரிப்பில்லை, நான் கல்யாண மண்டபங்களில் பட்ட பாடு அது.

நமது கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட் விநாடிக்கு நூறு தடவை ஏறி இறங்கும். மலிவான எல்ஈடி பட்டியும் சில அப்படித்தான். ஷட்டர் 1/100-ஐ விட வேகமானால் அந்த ஏற்ற இறக்கத்தில் ஏதோ ஒரு துண்டு மட்டும் மாட்டும். ஒரு படம் பச்சையடிக்கும், அடுத்தது மஞ்சளடிக்கும், சமயத்தில் பட்டை பட்டையாகவும் விழும். முக்காலி, உன் 1/500 படத்தையும் 1/125 படத்தையும் தனித்தனியாகத் திறந்து கூரையைப் பார். நிறம் ஒத்துப்போகாது. ஆறையும் கலந்தபோது கூரையில் அழுக்குப் பச்சை வந்ததற்குக் காரணம் அதுதான். டியூப்லைட் விழும் இடங்களை 1/100, 1/50, 1/25 இப்படிப் போகும் படங்களிலிருந்தே எடு. வேகமான படத்திலிருந்து வாசலும் தீபமும் மட்டும். அவை இரண்டுக்கும் கரண்ட் தேவையில்லை பார்.

இப்போது கலக்கும் வழி. எனக்குத் தெரிந்து மூன்று.

டோன் மேப்பிங் பற்றிச் சொல்லிவிட்டேன். இரண்டாவது, எக்ஸ்போஷர் ஃபியூஷன். டாம் மெர்டென்ஸும் இன்னும் இருவரும் 2007-இல் கொண்டுவந்த முறை. இதில் அந்த ஒளி வரைபடமே கிடையாது. ஒவ்வொரு படத்திலும் எந்தப் புள்ளி நன்றாக விழுந்திருக்கிறது என்று மூன்று விஷயம் பார்க்கும், கான்ட்ராஸ்ட், நிறச் செறிவு, வெளிச்ச அளவு. நல்ல புள்ளிக்கு அதிகப் பங்கு, கெட்டதற்குக் குறைந்த பங்கு. பெரிய வடிவம், சின்ன வடிவம் என்று அடுக்கடுக்காகப் பிரித்துக் கலப்பதால் தையல் தெரியாது. என்ஃபியூஸ் என்ற இலவச நிரல் இதைத்தான் செய்கிறது, படங்களை ஒட்டும் ஹுகின் என்ற நிரலோடு சேர்ந்தே வரும். பழைய லேப்டாப்பிலும் ஓடும். காலண்டர் நிறம் அவ்வளவு சுலபத்தில் வராது. ஆனால் நகர்கிற பொருளை இதுவும் விடாது, தீபத்துக்கு இரண்டு நாக்கு முளைக்கும்.

மூன்றாவது கையால். நான் பணம் வாங்கும் படங்களுக்கு இதுதான். ஜிம்ப் என்ற இலவச நிரல் போதும். நடு எக்ஸ்போஷரைக் கீழே போடு. அதன் மேல் 1/125 படத்தை வைத்து, அதற்குக் கறுப்பு மாஸ்க் போடு. மேல் படம் முழுக்க மறைந்துவிடும். இப்போது ஓரம் மென்மையான பெரிய பிரஷ், வெள்ளை நிறம், ஒபாசிட்டி (அடர்த்தி) பத்து சதவீதம். வாசலை மெல்ல மெல்லத் தடவு. ஒரே தடவையில் நூறு சதவீதம் தடவினால் வாசல் போஸ்டர் ஒட்டிய மாதிரி ஆகிவிடும். நிலைப்படியின் உள்விளிம்பில் கொஞ்சம் வெளுப்பை அப்படியே விட்டுவிடு. வெயில் உள்ளே கசிகிற இடம் அது, கசியத்தான் வேண்டும். தீபத்துக்குத் தனி லேயர் (அடுக்கு), ஒரே ஒரு படத்திலிருந்து. எந்தப் படத்தில் சுடர் நேராக நிற்கிறதோ அது. பாட்டிக்கும் அப்படியே, மூன்றில் ஒரு பாட்டியைத் தேர்ந்தெடு.

முக்காலி (செவ்வாய், இரவு 9.00)

அக்கா, கூரையைப் பார்த்தேன். நீங்கள் சொன்னதேதான், ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். இத்தனை நாள் வொயிட் பேலன்ஸை (நிறச் சமன்) ஆட்டோவில் விட்டதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாண்டலே அண்ணே, எதற்கு எடுத்தேன் என்றால், கோயில் ஆபீஸ் ரூமில் மாட்டக் கேட்டார்கள். பதிவுக்கு இல்லை. அப்படியானால் ஐயா ஜெயித்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சந்தேகம். ஷ்வேடகோன் தங்கப் பகோடாவைப் பொழுது சாய எடுத்தேன், மூன்று எக்ஸ்போஷர் கலந்தும் தங்கம் பெயின்ட் அடித்த தகரம் மாதிரி வருகிறது. ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச அளவுக் கோட்டுப்படம்) சரியாகத்தான் காட்டியது.

மழைத்துளி (செவ்வாய், இரவு 9.25)

ஹிஸ்டோகிராமில் வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்திருப்பாய். சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகப் பார். ஃபிளட்லைட் பட்ட தங்கத்தில் முதலில் வெடிப்பது சிவப்பு. மொத்தக் கணக்கு நல்லபடியாகக் காட்டும்போதே சிவப்பு சுவரில் முட்டி நின்றிருக்கும். சிவப்பு முட்டிய இடத்தில் மேடு பள்ளம் எல்லாம் ஒரே மஞ்சள் தட்டை. குறைந்த எக்ஸ்போஷர் படத்தை இன்னும் ஒன்றரை ஸ்டாப் குறைத்து எடு.

பழைய நெகடிவ் (புதன், காலை 6.05)

அல்லது கலக்காமலே எடு. சூரியன் விழுந்ததும் ஃபிளட்லைட்டைவிட வானம் தூக்கலாக இருக்கும். முழு இருட்டில் ஃபிளட்லைட் தூக்கலாக இருக்கும். நடுவில் ஒரு ஐந்தாறு நிமிஷம் இரண்டும் சமமாக வந்து நிற்கும். நம் ஊரில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும், அதனால் முன்கூட்டியே இடம் பிடித்து நின்றுகொள். அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரே ஒரு படம் போதும். காத்திருக்கச் சோம்பல்பட்டவர்கள் கண்டுபிடித்ததுதான் பாதி ஹெச்டிஆர் என்பது என் அபிப்பிராயம். மழைத்துளி அடிக்க வருவார்.

மழைத்துளி (புதன், காலை 8.30)

அடிக்க வரவில்லை ஐயா. கல்யாணத்தில் முகூர்த்தத்தை வெளிச்சத்துக்காக நிறுத்தி வைக்க முடியாது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

முக்காலி (சனி, இரவு 8.40)

மறுபடி போனேன். என்ன நடந்தது என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

அதே காலை நேரம். டியூப்லைட்டை இரண்டு நிமிஷம் அணைக்கச் சொல்லலாமா என்று குருக்களிடம் கேட்க நினைத்து, கேட்கத் தயங்கி நின்றேன். முக்காலியை நிறுத்தினேன், கால் வழுக்காமல் இருக்க அடியில் ஈரத்துணி போட்டேன் (தரையெல்லாம் எண்ணெய்). வொயிட் பேலன்ஸைப் பூட்டினேன், ஃபோகஸைக் கையால் வைத்துப் பூட்டினேன், இரண்டு விநாடி டைமர். முதல் படம் எடுக்கப் போகும்போது கரண்ட் போயிற்று.

ஃபேன் நின்றது. டியூப்லைட் போயிற்று. மண்டபம் ஒரு நிமிஷம் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் வாசலிலிருந்து வெயில் தரையில் பாய் விரித்த மாதிரி கிடப்பது தெரிந்தது, குத்துவிளக்கின் தண்டில் மஞ்சளாக ஒரு கோடு ஏறுவது தெரிந்தது. ஃபேன் இல்லாததால் சுடர் அசையவே இல்லை. பின்பக்கம் யாரோ ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கும் சத்தம் கேட்கிறது. பிடிக்கவில்லை. மறுபடி இழுக்கிறார்கள்.

அதற்குள் நாலு படம். 1/125, 1/30, 1/8, 1/2. டியூப்லைட் போனதால் தூண்கள் இன்னும் இருட்டாகிவிட்டன, அதனால் அந்த 1/2. ஐந்தாவதாகத் தீபத்துக்கு மட்டும் ஒரு 1/250 எடுக்கலாம் என்று டயலைத் திருப்பும்போது ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது, தரை அதிர ஆரம்பித்தது. விட்டுவிட்டேன்.

முதலில் என்ஃபியூஸில் போட்டேன் (படம் 2). மோசமில்லை, ஆனால் கொஞ்சம் சோகை. அப்புறம் அக்கா சொன்ன மாதிரி கையால் (படம் 3). 1/8 படம் கீழே. வாசலுக்கும் தீபத்துக்கும் 1/125. 1/30 தேவையே படவில்லை. 1/2 படத்தை ஒரே ஒரு இடத்தில்தான் தடவினேன், யாளியின் வாயில், இருபது சதவீதம். ஐயா மன்னிக்கவும், அந்தப் பல்லை விட மனசு வரவில்லை.

பழைய நெகடிவ் (சனி, இரவு 9.15)

பல் இருக்கட்டும். தேடினால்தான் தெரிகிறது, அதுதான் சரியான அளவு.

சுடரின் நடுவே உரு இல்லாமல் வெள்ளையாக இருக்கிறது, அதைத் திருத்தப் போகாதே. சுடருக்கு நடுவே எதுவும் எழுதியிருக்கவில்லை. ஓரத்தில் மஞ்சள் இருக்கிறது, போதும். இடது பக்கம் மூன்றாவது தூணின் மேல்பாதியில் மட்டும் மாஸ்க் வழிந்திருக்கிறது, நிலைப்படிக்கு வெளியே ஒரு விரல் அகலம் சாம்பலாகத் தெரிகிறது. அதைச் சரி செய்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இன்னொரு விஷயம். திரையில் தெரிகிற அளவு வித்தியாசத்தைத் தாள் தாங்காது. பளபளத் தாள் கொஞ்சம் தாங்கும், மேட் தாள் இன்னும் குறைவு. மேட் தாளில் உன் யாளி மொத்தமாகக் கறுப்பில் முழுகிவிடும். முழு அளவு போடுவதற்கு முன் தூண் பகுதியை மட்டும் ஒரு சின்னத் துண்டு அச்சிட்டு, மாட்டப் போகிற அறையில், அந்த அறை வெளிச்சத்தில் வைத்துப் பார்.

மாண்டலே வாசி (சனி, இரவு 9.50)

நாலு படத்தில் கடைசியில் பயன்பட்டது இரண்டரை. இழையின் முதல் பதிவில் ஆறு. பரவாயில்லை, ஆனால் அந்த 1/30-ஐ அழித்துவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்துக் கண் மாறும், வேறு மாதிரி கலக்கத் தோன்றும். ரா ஃபைல்களை அப்படியே வைத்திருங்கள்.

38-ஆம் தெரு (சனி, இரவு 10.02)

நல்லா வந்திருக்குப்பா. வாசல் ஓரத்தில் ஒரு ஜோடி செருப்பு பளிச்சென்று தெரிகிறதே, அது யாருடையது?

முக்காலி (ஞாயிறு, காலை 11.20)

குருக்களுடையது. காலையில் போனில் காட்டினேன். மண்டபத்தைப் பார்க்கவில்லை, தீபத்தைப் பார்க்கவில்லை, "இது என் செருப்பு ஆச்சே" என்றார். 1/125 லேயரில் அந்த இடத்தைத் தடவாமல் விட்டால் வெயிலோடு வெயிலாகக் கரைந்துவிடும், கரைத்துவிடவா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வேண்டாம், புதுசு வாங்கினது, இருக்கட்டும் என்றார்.

துண்டு அச்சுக்கு நாளை கொடுக்கிறேன்.